கடைசி நானூறு கஜம்

பல்கலைக்கழகம் ஒன்றின் நெட்வொர்க்கை விஞ்ஞான ஆராய்ச்சிக்குத் தகுந்தபடி விருத்தி செய்ய வேண்டும் என்று தீர்மானமாகி, அதற்கென்று ஒரு தொகையும் கைக்கு வந்துவிட்டால், நிர்வாகிகளின் சிந்தை முதன்முதலாக எங்கே செல்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? வெளியுலகத்தோடு தம்மை இணைக்கும் பெரிய இணைப்பை இன்னும் பெரிதாக்குவதில்தான் அது செல்கிறது. 1 ஜிகாபிட் இருந்த இடத்தில் 10. 10 இருந்த இடத்தில் 100. இதில் ஒரு சௌகரியம் உண்டு. எண்ணைச் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும்; ஆண்டறிக்கையில் அச்சிடலாம்; விழா எடுத்துத் திறந்துவைக்கலாம். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணினி மையத்தில் இதே தொழிலில் நெடுங்காலம் உழன்றவன் என்ற முறையில் என்னுடைய அபிப்பிராயம் வேறு. வாசல்வரை வந்துவிட்ட வேகம், வாசலிலிருந்து ஆராய்ச்சிக்கூடத்து மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் எங்கே மறைந்துபோகிறது என்பதை விசாரிக்காமல், வாசலை மட்டும் மேலும் மேலும் அகலப்படுத்துவதனால் விஞ்ஞானிக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை என்பதே அது. இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுத உத்தேசம். அவசரக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

பழைய சம்பவம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கலிபோர்னியாவில் பெர்க்லி என்னும் ஊரில், மலைச்சரிவின்மேல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும், அதன் கீழே கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே தூரம் 400 கஜம். செய்தி கடந்து செல்ல வேண்டிய தாவல்கள் இரண்டே இரண்டு. 1986ஆம் ஆண்டு அக்டோபரில், வினாடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த அந்த வழியில், திடீரென்று வினாடிக்கு 40 பிட்தான் செல்ல ஆரம்பித்தது. எண்ணூறில் ஒரு பங்கு! கம்பி அறுபடவில்லை, இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்ஸன், பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் காரெல்ஸோடு சேர்ந்து காரணத்தை ஆராய்ந்து, 1988இல் பிரசுரித்த கட்டுரையில் விளக்கினார். செய்தியைத் துண்டு துண்டாகச் சுமந்து செல்லும் பாக்கெட்டுகள் நெரிசலில் தொலைய, தொலைந்ததை ஒவ்வொரு கணினியும் பதற்றத்தோடு மீண்டும் மீண்டும் அனுப்ப, அப்படி அனுப்பியதனாலேயே நெரிசல் இன்னும் அதிகமாக, கடைசியில் யாருடைய செய்தியும் யாருக்கும் போய்ச் சேராமல் எல்லாமே நின்றுவிடும் நிலைமை உண்டாயிற்று. இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் எளிமையானது: ஒரு பாக்கெட் தொலைந்தால், வழியில் நெரிசல் என்று அர்த்தம் செய்துகொண்டு, அனுப்புகிறவர் தம் வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக, படிப்படியாக ஏற்றிக்கொள்ள வேண்டும்.

டி.சி.பி. என்னும் செய்தி அனுப்பும் விதிமுறையில் இந்தக் கட்டுப்பாடு ஏற்படாமல் இருந்திருந்தால் இன்றைய இணையம் உருவாகியிருக்க முடியுமா என்பதே சந்தேகம். ஆனால் இதில் ஒரு சங்கடமும் அடங்கியிருக்கிறது. பாக்கெட் எதனால் தொலைந்தது என்று இந்த விதி விசாரிப்பதில்லை. நெரிசலால் தொலைந்தாலும், ஒளியிழையின் முனையில் ஒட்டிய தூசியால் தொலைந்தாலும், ஸ்விட்ச் ஒன்றின் உள்ளே நொடிப்பொழுது தங்க இடமில்லாமல் தொலைந்தாலும், தண்டனை ஒன்றே. அந்தத் தண்டனையின் கடுமையோ, போக வேண்டிய தூரத்தைப் பொறுத்து அமைகிறது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கும். ஆகையால் இங்கே சற்று நின்று கணக்குப் போடலாம்.

அனுப்பிய பாக்கெட் போய்ச் சேர்ந்தது என்ற தகவல் திரும்பி வரும்வரையில், அனுப்புகிறவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது; அந்த இடைவேளையிலும் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். போய் வர 100 மில்லி வினாடி ஆகிற ஒரு வழியில் 10 ஜிகாபிட் வேகம் முழுவதையும் பயன்படுத்துவது என்றால், எந்த க்ஷணத்திலும் 125 மெகாபைட் வழியிலேயே பிரயாணம் செய்துகொண்டிருக்க வேண்டும். அத்தனையும் ஒழுங்காகச் சென்றுகொண்டிருக்கையில் ஒரே ஒரு பாக்கெட் தொலைந்தால், பழைய விதிப்படி அது சட்டென்று பாதியாகிவிடும். பாதியிலிருந்து பழைய அளவுக்கு ஏறுவதற்கு, ஒவ்வொரு போய்வருதலுக்கும் ஒரு பாக்கெட் வீதம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதைக் கணக்கிட்ட ஸாலி ஃப்ளாய்ட் என்ற அம்மையார் 2003இல் வெளியிட்ட ஆவணத்தில், இத்தகைய வழி ஒன்று முழு வேகத்தில் ஓட வேண்டுமானால் 500 கோடி பாக்கெட்டுக்கு ஒன்றுக்கு மேல் தொலையக்கூடாது என்று எழுதினார். மனிதர் செய்யும் எந்தக் காரியத்தில் இப்படிப்பட்ட சுத்தத்தை எதிர்பார்க்கிறோம்?

இதன் மறுபக்கத்தை அமெரிக்க எரிசக்தித் துறையின் விஞ்ஞான நெட்வொர்க்கான ஈ.எஸ்.நெட் தன் அனுபவத்தில் கண்டது. அவர்களுடைய ரவுட்டர் ஒன்றில் 10 ஜிகாபிட் அட்டை ஒன்று பழுதாகி, 22,000 பாக்கெட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தொலைத்துக்கொண்டிருந்தது. சதவீதமாகச் சொன்னால் 0.0046, யாருக்கும் அது ஒரு குறையாகவே தோன்றாது. ரவுட்டரின் சொந்தக் கண்காணிப்பும் எல்லாம் நலமே என்றுதான் சொல்லிற்று. ஆனால் 1997இல் மாத்திஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் கண்டறிந்த, இழப்பும் தூரமும் தெரிந்தால் வேகத்தைச் சொல்லும் சூத்திரத்தில் இந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். சாதாரண 1,500 பைட் பாக்கெட்டை வைத்துக்கொண்டு, ஒரே கட்டிடத்துக்குள் சோதித்தால் பல ஜிகாபிட் கிடைக்கும். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, 70 மில்லி வினாடி தூரத்துக்குச் சோதித்தால், அதே 10 ஜிகாபிட் வழியில் சுமார் 25 மெகாபிட்தான் கிடைக்கும். ஒரு டெராபைட்டை அனுப்ப அந்த வேகத்தில் மூன்றரை நாளுக்கு மேல் ஆகும். லினக்ஸில் இப்பொழுது வழக்கத்தில் உள்ள 'க்யூபிக்', கூகுள் 2016இல் வெளியிட்ட 'பி.பி.ஆர்.' முதலிய புதிய முறைகள் இந்தக் கொடுமையை ஓரளவு தணிக்கின்றன என்பது உண்மை, இல்லாமல் செய்துவிடவில்லை.

ஆகவே, கணினி மையத்தார் தம் அறையிலிருந்து அடுத்த கட்டிடத்துக்குச் சோதனை செய்து, "எங்கள் பக்கத்தில் குறை ஒன்றும் இல்லை" என்று எழுதி அனுப்புகிறார்களே, அவர்கள் பொய் சொல்லவில்லை. அருகில் இருப்பவருக்குக் குறை தெரியாமலும், தொலைவில் இருப்பவருக்கு மட்டும் தெரியும்படியும் இந்தக் குறையின் சுபாவமே அமைந்திருக்கிறது. பழி எப்பொழுதும் தொலைவில் இருப்பவர் மீதோ, நடுவில் உள்ள நெட்வொர்க் மீதோ விழும். இப்படிப் பல மாதங்கள் கடிதப் போக்குவரத்திலேயே கழிந்த கதைகள் எனக்குத் தெரியும்.

நிற்க. பல்கலைக்கழகத்தின் உள்ளே பாக்கெட்டைத் தொலைக்கிற, அல்லது தடுத்து நிறுத்துகிற, பொருள்கள் எவை? தூசி படிந்த இணைப்பு, மலிவு விலைக்கு வாங்கிய சிறு ஸ்விட்ச், பழைய ஒளியிழை என்று பல உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் முதன்மையானது, வந்துபோகும் பாக்கெட்டுகளைச் சோதித்து விடும் காவல் இயந்திரமான, யாரும் குறை சொல்லத் தயங்குகிற ஃபயர்வால்தான்.

ஃபயர்வாலின் விளம்பரத்தில் 10 ஜிகாபிட் என்றோ 40 ஜிகாபிட் என்றோ போட்டிருக்கும். அதுவும் பொய் அல்ல. ஆயிரக்கணக்கான மாணவர்களும் ஊழியர்களும் ஒரே சமயத்தில் கடிதம் படிப்பதும், படம் பார்ப்பதும், பத்திரிகை புரட்டுவதுமாக இருக்கையில், அந்தச் சிறு சிறு ஓட்டங்களை உள்ளே உள்ள பல செயலிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, மொத்தத்தில் அவ்வளவு வேகத்தை அது சமாளிக்கும். விஞ்ஞானியின் காரியம் அப்படிப்பட்டதன்று. ஒரே ஓட்டம், இரண்டு இயந்திரங்களுக்கு இடையே, மணிக்கணக்காக, மூச்சுவிடாமல் போவது. அந்த ஓட்டம் முழுவதும் ஃபயர்வாலின் ஒரே செயலியின் தலையில் போய் விழுகிறது. தனியே பார்த்தால் அதன் சக்தி சொற்பம். பாக்கெட்டுகள் காத்திருக்க அதன் முன்னுள்ள தேக்கத்திலும் இடம் குறைவு. ஒரு கொத்துப் பாக்கெட் ஒரே வேகத்தில் வந்து மோதும்போது சில வழிந்து போகின்றன. பிறகு ஜேக்கப்ஸன் விதி தன் வேலையைச் செய்கிறது.

சில சமயம் ஃபயர்வால் எதையும் தொலைக்காமலே காரியத்தைக் கெடுத்துவிடும். பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியில் நடந்ததை, ஈ.எஸ்.நெட்டைச் சேர்ந்த எலை டார்ட்டும் அவருடைய சகாக்களும் 2013இல் எழுதிய கட்டுரையில் விவரித்திருக்கிறார்கள். வர்ஜீனியா டெக்கின் போக்குவரத்து ஆராய்ச்சி நிலையத்தோடு தரவைப் பரிமாறிக்கொண்டிருந்தவர்களால், இணைப்பு எவ்வளவு பெரியதாக இருந்தபோதிலும் 50 மெகாபிட்டுக்கு மேல் ஏற முடியவில்லை. ஆராய்ந்து பார்த்ததில், ஃபயர்வாலில் 'டி.சி.பி. வரிசைச் சோதனை' என்று ஓர் அம்சம், பாதுகாப்புக்காக என்று இயங்கிக்கொண்டு, ஒவ்வோர் இணைப்பின் ஆரம்பத்திலும் இரு கணினிகளும் பேசிக்கொள்ளும் ஒரு குறிப்பை அழித்துவிடுவது தெரிய வந்தது. ஒரே சமயத்தில் 64 கிலோபைட்டுக்கு மேலும் அனுப்பலாம் என்று 1992இலேயே ஏற்பட்ட ஏற்பாடு அது. அந்தக் குறிப்பு அழிந்தால் இரண்டு பக்கமும் பழைய 64 கிலோபைட்டுக்கே திரும்பிவிடும். போய்வர 10 மில்லி வினாடி; ஒரு போய்வருதலுக்கு 64 கிலோபைட்; பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 50 மெகாபிட்தான் வருகிறது. அந்த அம்சத்தை நிறுத்தியவுடன் உள்ளே வரும் வேகம் ஏறக்குறைய 5 மடங்கும், வெளியே செல்லும் வேகம் ஏறக்குறைய 12 மடங்கும் உயர்ந்தன. புதிதாக ஒரு சாமானும் வாங்கவில்லை!

இந்த உதாரணத்தை நான் பலரிடம் சொல்வதுண்டு. கேட்டவுடன் அவர்கள், "அப்படியானால் ஃபயர்வாலை எடுத்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். அப்படியும் அல்ல. நாற்பதாயிரம் பேர் உலாவும் ஒரு ஸ்தாபனத்தில், அச்சுப்பொறி முதல் குளிர்சாதனப் பெட்டி வரையில் எல்லாமே நெட்வொர்க்கில் தொங்குகிற இக்காலத்தில், காவல் இல்லாமல் ஒரு நாள் கழிப்பதும் அசாத்தியம். பரிகாரம் வேறு விதமானது. கோயில் நகரங்களை வகுத்தவர்கள் அதை அறிந்திருந்தார்கள். தேர் ஓடுவதற்கென்று நான்கு வீதிகளை விசாலமாக அமைத்து, அது திரும்பும் மூலைகளில் தாராளமாக இடம் விட்டு, மற்றத் தெருக்களையும் சந்துகளையும் ஜனங்களின் அன்றாட நடமாட்டத்துக்கு விட்டுவிட்டார்கள். ஊரில் உள்ள சந்துகளை எல்லாம் தேரின் அகலத்துக்கு இடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஈ.எஸ்.நெட்டைச் சேர்ந்தவர்கள் 2010இல் 'சயின்ஸ் டி.எம்.இசட்.' என்று பெயரிட்ட அமைப்பும் இதே யோசனைதான். பல்கலைக்கழகத்தின் எல்லை ரவுட்டரிலேயே, ஃபயர்வாலுக்கு வெளியே, விஞ்ஞானத் தரவுக்கென்று தனி வழி ஒன்றைப் பிரித்துவிடுவது. ஆழ்ந்த தேக்கம் உள்ள நல்ல ஸ்விட்ச் ஒன்றை அதில் வைப்பது. தரவை அனுப்பவும் வாங்கவும் மட்டுமே ஏற்பட்ட ஓர் இயந்திரத்தை அதில் நிறுத்துவது. அந்த வழியின் ஆரோக்கியத்தை இரவும் பகலும் அளந்துகொண்டிருக்க ஒரு கருவியை அருகே வைப்பது. மற்ற நெட்வொர்க் முழுவதும் முன்போலவே ஃபயர்வாலின் பின்னால் இருந்துகொள்ளலாம்.

அந்தத் தனி இயந்திரத்துக்கு டி.டி.என். என்று பெயர். பார்வைக்கு ஒரு சாதாரண லினக்ஸ் சர்வர்தான். ஆனால் அதில் யாரும் கடிதம் படிக்கக்கூடாது, இணையத்தில் உலாவக்கூடாது, அகப்பட்ட மென்பொருளை எல்லாம் ஏற்றக்கூடாது. நெட்வொர்க் அட்டை 10 ஜிகாபிட்டோ 100 ஜிகாபிட்டோ இருந்தால் போதாது. வட்டுகளும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். சுழலும் வட்டு ஒன்று தனியாக வினாடிக்கு 200 மெகாபைட் கொடுத்தாலே பெரிது. 10 ஜிகாபிட்டோ 1,250 மெகாபைட். ஆகவே பல வட்டுகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும், அல்லது இப்பொழுது சகாயமாகிவிட்ட ஃப்ளாஷ் வட்டுகளை உபயோகிக்க வேண்டும். லினக்ஸின் சம்பிரதாயமான அமைப்பிலும் டி.சி.பி.க்கு ஒதுக்கப்படும் நினைவகம் சில மெகாபைட்தான். முன்னே சொன்ன 125 மெகாபைட்டை நினைவில் வைத்துக்கொண்டு அதையும் திருத்த வேண்டும். இவை ஒவ்வொன்றும் அற்ப விஷயம். ஆனால் ஒன்றை விட்டுவிட்டால் மற்றவற்றுக்குச் செலவழித்த பணம் அத்தனையும் வீண்.

இப்படிச் செய்தால் என்ன பலன் என்பதற்கு கொலராடோ மாகாணத்துப் போல்டரில் உள்ள நோவா என்ற அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகத்தைப் பார்க்கலாம். வானிலை ஆராய்ச்சிக்காக, கலிபோர்னியாவில் உள்ள நெர்ஸ்க் சூப்பர் கம்ப்யூட்டர் நிலையத்தில் உண்டாக்கிய தரவில் 170 டெராபைட்டை அவர்கள் தம் இடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்த பழைய எஃப்.டி.பி. சர்வர் வழியாக வினாடிக்கு 1 அல்லது 2 மெகாபைட் கிடைத்தது. 2 என்றே வைத்துக்கொண்டாலும், 170 டெராபைட்டுக்கு இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் எத்தனை புயல் வந்துபோயிருக்கும்! தனி வழி அமைத்து, டி.டி.என். ஒன்றை நிறுத்திய பிறகு, 273 கோப்புகள் அடங்கிய 239.5 ஜிகாபைட்டைப் பத்து நிமிஷத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில், வினாடிக்குச் சுமார் 395 மெகாபைட் வீதம் வாங்கினார்கள். அந்த வேகம் நீடித்தால் 170 டெராபைட்டும் ஐந்தே நாளில் வந்து சேரும்.

பாதுகாப்பு அதிகாரிகளோடு இதைப் பற்றி விவாதிப்பது ஒரு தனிப் பர்வம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கொள்ளை போனால் பத்திரிகையில் பெயர் வரப்போவது அவர்களுடையதுதான். ஃபயர்வாலுக்கு வெளியே ஓர் இயந்திரம் என்ற வார்த்தையைக் கேட்டவுடன் அவர்கள் முகம் மாறுவது இயற்கை. ஆனால் ஃபயர்வாலுக்கு வெளியே என்றால் காவலுக்கு வெளியே என்று பொருள் அல்ல. அந்த வழியில் இருப்பவை நாலைந்து இயந்திரங்கள். ஒவ்வொன்றும் இன்ன முகவரியோடு, இன்ன வாசல் வழியாக மட்டுமே பேசலாம் என்று ரவுட்டரிலேயே பட்டியல் எழுதிவிடலாம். அந்தப் பட்டியலை வன்பொருளே பார்த்துக்கொள்வதனால் வேகம் சிறிதும் குறையாது. அதற்கு மேல், ஒளியிழையிலிருந்து ஒரு பிரதியைப் பிரித்து, போகிறவரையும் வருகிறவரையும் தடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிற மென்பொருளுக்குக் கொடுக்கலாம். 1995இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வெர்ன் பாக்ஸன் எழுதத் தொடங்கி, 'ப்ரோ' என்ற பெயரில் வளர்ந்து, 2018இல் 'ஸீக்' என்று பெயர் மாறிய மென்பொருள் இதற்கே பெரிதும் பயன்படுகிறது. சந்தேகம் தோன்றினால் அந்த முகவரியை ரவுட்டரிலேயே அடைத்துவிடலாம். என்ன இருக்கிறது என்று யாருக்குமே சரியாகத் தெரியாத இருபதினாயிரம் சாதனங்களைக் காப்பதைவிட, என்ன செய்ய வேண்டும் என்று திட்டமாக வகுக்கப்பட்ட நாலைந்தைக் காப்பது சுலபம் என்பதை நேரில் உட்கார்ந்து பேசினால் அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். கடிதத்தில் எழுதினால் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நேரில் உட்கார்ந்து பேசுவது என்றதும் ஒரு மாணவர் நினைவுக்கு வருகிறார். தாவர மரபியல் ஆராய்ச்சி செய்பவர்; சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். வட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பக்கத்து மாகாணத்து ஆய்வகத்துக்குப் பஸ்ஸில் போய்வருகிறார் என்று கேள்விப்பட்டு, காரணம் விசாரிக்கப் போனேன்.

"ராத்திரி ஆரம்பிச்சுவிட்டுப் போறேன் சார். காலையில வந்து பார்த்தா பாதியில நின்னு கிடக்கு. மறுபடி முதல்லேர்ந்து. பஸ்ஸுன்னா போய்ச் சேர்ந்துடும்" என்றார்.

"கணினி மையத்துக்குச் சொல்லலையாப்பா?"

"சொன்னா, ஸ்பீட் டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க சார். அது நல்லாத்தான் வருது."

அந்த மேசையின் கீழே குனிந்து பார்த்தால், எந்தக் காலத்திலோ யாரோ வாங்கிப் போட்ட கையகல ஸ்விட்ச் ஒன்றில் நான்கு கணினிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அனுப்ப வேண்டியவையோ லட்சக்கணக்கான சிறு கோப்புகள், அவற்றை எஸ்.சி.பி. என்னும் பிரதியெடுக்கும் கருவி ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் போய்வரும் தாமதத்தைக் கப்பமாகக் கட்டிக்கொண்டிருந்தது. இணைப்பை 100 ஜிகாபிட் ஆக்கியிருந்தாலும் இந்த மாணவருடைய பஸ் டிக்கெட் மிச்சமாகியிருக்காது. கோப்புகளைக் கட்டாகக் கட்டி, பல ஓட்டங்களாகப் பிரித்து அனுப்பி, நின்ற இடத்திலிருந்தே தொடரக்கூடிய குளோபஸ் போன்ற கருவியோடு டி.டி.என். மூலம் அனுப்பிய பிறகுதான் அவர் பிரயாணத்தை நிறுத்தினார். குளோபஸ், சிக்காகோ பல்கலைக்கழகத்துக்காரர்களின் கைவண்ணம். இதில் எனக்கு யாதொரு கமிஷனும் கிடையாது.

வட்டை எடுத்துக்கொண்டு போவது எப்பொழுதுமே கேலிக்குரியது என்றும் நான் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 10ஆம் தேதி உலகமே பார்த்த கருந்துளைப் படத்துக்கான தரவு, சுமார் 5 பெட்டாபைட், வட்டுகளில்தான் ஆகாய விமானம் ஏறி அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்கும் ஜெர்மனியின் பான் நகரத்துக்கும் சென்றது. தென்துருவத்தில் சேகரித்த வட்டுகள், அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும்வரையில் மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. துருவத்தில் இருப்பவருக்கு அது நியாயம். ஊருக்கு நடுவில் ஒளியிழைமேல் உட்கார்ந்திருப்பவருக்கு நியாயம் அல்ல. தவிரவும், காலம் மாறிக்கொண்டு வருகிறது. சிலி தேசத்து மலைமேல் உள்ள வேரா ரூபின் வானாய்வகம் இரவு ஒன்றுக்குச் சுமார் 20 டெராபைட் தரவை உண்டாக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதை யார் தினந்தோறும் பெட்டியில் அடுக்குவது?

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான நிறுவனம் 2012இல் பல்கலைக்கழக நெட்வொர்க்குகளுக்கென்றே ஒரு மானியத் திட்டம் தொடங்கியது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு இரண்டு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் வரையில். பெரிய ஸ்தாபனங்களின் வரவு செலவில் இது பெரிய தொகை அன்று. ஆனால் விண்ணப்பத்தோடு, பல்கலைக்கழகம் முழுவதுக்குமான கணினிக் கட்டமைப்புத் திட்டம் ஒன்றையும் எழுதி இணைக்க வேண்டும் என்றும், எந்த விஞ்ஞானிகளுக்கு எதற்காக இது தேவை என்று விளக்க வேண்டும் என்றும் விதித்திருந்தார்கள். என்னைக் கேட்டால், அந்த நிபந்தனை அந்தத் தொகையைவிட மதிப்புள்ளது. ஒரே வளாகத்தில் ஒருவரை ஒருவர் அறியாமல் காலம் தள்ளிய பௌதிகப் பேராசிரியரும் ரவுட்டர்களைப் பராமரிப்பவரும் முதல் தடவையாக ஒரு மேசையைச் சுற்றி உட்காரும்படி ஆயிற்று. இப்படிப் பல பல்கலைக்கழகங்களில் தனித்தனியே தோன்றிய வழிகளை ஒன்றோடொன்று இணைக்க, 2015இல் ஸான் டியாகோவில் லாரி ஸ்மார் தலைமையில் 'பஸிபிக் ரிஸர்ச் பிளாட்ஃபார்ம்' என்ற திட்டம் 50 லட்சம் டாலரில், ஐந்தாண்டுக்கு ஏற்பட்டது. ஒரு பல்கலைக்கழகத்தின் வட்டிலிருந்து இன்னொரு பல்கலைக்கழகத்தின் வட்டுக்கு எவ்வளவு வேகம் என்பதையே அவர்கள் அளந்தார்கள். ரவுட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள வேகத்தை அளந்து திருப்தி அடையவில்லை. சரியான அளவுகோல் அதுதான்.

அளப்பதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. ஈ.எஸ்.நெட், இன்டர்நெட் 2, ஐரோப்பாவின் ஜியான்ட், இன்டியானா, மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் முதலியோர் சேர்ந்து வளர்க்கும் 'பர்ஃப்ஸோனார்' என்ற இலவச மென்பொருளை ஒரு சிறு சர்வரில் ஏற்றி வைத்துவிட்டால், உலகத்தில் எங்கெங்கோ உள்ள அதே போன்ற கருவிகளோடு தானே சோதனை செய்து, எத்தனை பாக்கெட் தொலைகிறது, எப்பொழுதிலிருந்து தொலைகிறது என்று எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். விஞ்ஞானி வந்து முறையிடுவதற்கு முன்னாலேயே குறை தெரிந்துவிடும். இதை வைக்காமல் நெட்வொர்க்கை விருத்தி செய்தோம் என்று சொல்பவர்களின் பேச்சை நான் நம்புவதில்லை.

நம் தேசத்திலும் 2010 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 5,990 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய அறிவு வலைப்பின்னலுக்கு, அதாவது என்.கே.என்.னுக்கு, அனுமதி அளித்து, ஆராய்ச்சி நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் ஜிகாபிட் இணைப்புகளால் சேர்க்கப்பட்டன. வாசல்வரை வேகத்தைக் கொண்டுவரும் காரியம் அது. வாசலிலிருந்து மேசைவரை கொண்டுசெல்வது அந்தந்தக் கல்வி நிலையத்தின் பொறுப்பு. ஆகையால், அங்கே கணினி மையங்களில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கொள்முதல் ஆணையில் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் மேசையிலிருந்து தொலைதூரத்தில் உள்ள ஒரு சோதனைச் சர்வருக்கு ஐபர்ஃப்-3 என்னும் வேகம் அளக்கும் மென்பொருளைக் கொண்டு ஒரு தடவை அளந்து பாருங்கள். பிறகு பாதுகாப்பு அதிகாரியின் அனுமதியோடு, ஃபயர்வாலுக்கு வெளியே ஒரு கணினியை வைத்து அதே சர்வருக்கு மறுபடியும் அளந்து பாருங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால், கையெழுத்தைச் சற்று ஒத்திப்போட்டுவிட்டு, அந்த எண்களை எனக்கும் எழுதுங்கள்.